இடுப்பு வலியும் இரவுத் தூக்கமும்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் ஓய்வு பெற்ற கிராம சுகாதார செவிலியர் ஒருவர் ஆற்றிய உரை. அவர் பேசிய நடையிலேயே தருகிறோம்.)



இடுப்பு வலி பற்றிப் பேச ஆள் கூப்பிட வேண்டும் என்று போன கூட்டத்தில் தீர்மானம் போட்டீர்களாம். தலைவி வந்து சொன்னப்போ, "எத்தனை பேருக்கு வலி இருக்குது?" என்று கேட்டேன். "யாருக்கு இல்லைன்னு கேளுங்க" என்றார். சரியான பதில்தான். 1989ஆம் வருஷம் ஐஃபாட் உதவியோடு தமிழ்நாட்டிலேயே முதன்முதலாக மகளிர் குழுத் திட்டம் தொடங்கியது நம்ம தருமபுரி மாவட்டத்தில்தான். அப்போ இருபது வயசில் சந்தா கட்ட ஆரம்பிச்சவங்களுக்கு இப்போ ஐம்பத்தஞ்சு தாண்டிவிட்டது. அன்னைக்குப் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தவங்க, இன்னைக்குச் சுவர் ஓரமாப் பார்த்து உட்கார்றீங்க. வாசல்ல நின்னு பார்த்துக்கிட்டுத்தானே இருந்தேன்!

நமக்கு மட்டும் வந்த வலியும் இல்லை. 2020ஆம் வருஷத்தில் உலகம் முழுக்க 61 கோடியே 90 லட்சம் பேருக்கு இடுப்பு வலி இருந்ததாகக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். அதிலும் ஆண்களை விடப் பெண்களுக்குத்தான் அதிகம்.

இடுப்பு வலியைப் பேச ஆரம்பித்தால் பொழுது சாய்ந்துவிடும். அதனால் இன்னைக்கு ராத்திரியைத்தான் முக்கியமாகப் பேசப் போகிறேன். ஏன் ராத்திரி? பகலில் களை வெட்டுறோம், தக்காளி பறிக்கிறோம், பூ எடுக்கிறோம், புளி உடைச்சுக் கொட்டை எடுக்கிறோம், குச்சிக்கிழங்கு பிடுங்குறோம். உடம்பு சூடாக இருக்கும்போது வலி தெரியாது. படுத்தால்தான் தெரியும். புரண்டு புரண்டு படுத்து, ரெண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து, விடியும்போது கண் அசந்தால் அதுக்குள்ள எழுந்திருக்கணும். தூக்கம் கெட்ட உடம்புக்கு அடுத்த நாள் வலி கூடுதலாகத் தெரியும். வலி கூடினால் மறுபடி தூக்கம் வராது. வட்டிக்கு வட்டி ஏறுகிற மாதிரிதான் இதுவும்.

முதலில் ஒரு கேள்வி. உங்க வீட்டில் ராத்திரி யார் எங்கே படுக்கிறாங்க? ஒரு கட்டில் இருந்தால் அது மாமனாருக்கு, இல்லாவிட்டால் வீட்டுக்காரருக்கு. தலையணை ரெண்டோ மூணோ இருந்தால் பிள்ளைகளுக்கு. பாத்திரம் கழுவி, மாட்டுக்குத் தண்ணி காட்டி, கதவைச் சாத்திட்டுக் கடைசியாக வருகிற அம்மாவுக்கு, மிச்சம் இருக்கிற இடம். அது பெரும்பாலும் கதவோரமோ அடுப்படி ஓரமோ. தலைக்கு முந்தானைச் சுருட்டு. முப்பது வருஷம் வீடு வீடாகப் போய் வந்தவள் நான், பார்த்ததைத்தான் சொல்றேன். ஆட்டுக்கு, மாட்டுக்கு, பிள்ளைகள் ஃபீஸுக்கு உள்கடன் எழுதின நோட்டுகளைப் பார்த்திருக்கேன். தலையணைக்குக் கடன் எழுதின நோட்டை ஒரு குழுவிலும் பார்த்ததில்லை.

முழங்கால் உயரத்துக்கு இருக்கிற கட்டிலில் இருந்து எழுவதற்கும், தரையில் இருந்து எழுவதற்கும் இடுப்புக்கு எவ்வளவு வித்தியாசம் என்று வலி உள்ளவங்களுக்குத் தெரியும். வீட்டில் கட்டில் இருந்து, உங்களுக்குத்தான் வலி அதிகம் என்றால், கட்டில் உங்களுக்கு வரணும். இதைக் கேட்க நமக்கே கூச்சம். வீட்டுக்காரரிடம் சண்டை போடச் சொல்லவில்லை. "ராத்திரி எழ முடியலைங்க, ஒரு மாசம் நான் அதுல படுத்துப் பார்க்கிறேன்" என்று சொல்லுங்கள். பல வீட்டில் யாரும் கேட்டதில்லை, அதனால் கொடுத்ததில்லை, அவ்வளவுதான்.

கட்டில் இல்லாவிட்டால்? பரவாயில்லை, படுக்கிற விதத்தைச் சரி செய்தாலே பலருக்கு வலி குறையலாம். எப்படி என்று சொல்றேன், கவனியுங்கள்.

மல்லாந்து காலை நீட்டிப் படுத்தால் நம்ம இடுப்புக்கும் பாய்க்கும் நடுவில் கை நுழைகிற அளவுக்கு இடைவெளி வரும். கால் நீண்டிருக்கிற வரைக்கும் இடுப்புத் தசை இழுத்துப் பிடித்துக்கிட்டே இருக்கும், ஓய்வு எடுக்காது. முழங்காலுக்கு அடியில் ஒரு உருளை வைத்துக் காலை லேசாக மடக்கினால் அந்த இழுப்பு விடும். இப்போது இடுப்பு பாயில் பதியும். மல்லாந்து படுக்கிறவங்களுக்கு இதுதான் வழி.

ஒருக்களித்துப் படுக்கிறவங்க ரெண்டு முழங்காலையும் மடக்கிக்கணும். மேலே இருக்கிற கால் முன்னால் சரிந்து பாயைத் தொட்டால், அது இடுப்பையும் சேர்த்து முறுக்கிவிடும். ராத்திரி முழுக்க ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி இடுப்பு முறுக்கிக்கிட்டே இருந்தால் காலையில் எப்படி இருக்கும்? ரெண்டு முழங்காலுக்கும் நடுவில் அந்த உருளையை வையுங்கள். கணுக்கால் வரைக்கும் தாங்கினால் இன்னும் நல்லது. இடுப்பில் இருந்து காலுக்கு இழுக்கிற வலி உள்ளவங்க, இழுக்கிற கால் மேலே வருகிற மாதிரிப் படுத்துப் பாருங்கள். கர்ப்பிணிகள் இடது பக்கம் ஒருக்களிப்பது நல்லது, வயிற்றுக்கு அடியிலும் ஒரு துணி மடிப்பு கொடுக்கலாம்.

குப்புறப் படுத்தால்தான் தூக்கம் வரும் என்று சிலர் சொல்வீங்க. இடுப்புக்கு அது அவ்வளவு நல்லதில்லை. விட முடியாவிட்டால் அடிவயிற்றுக்குக் கீழே மெலிசாக ஒரு துணியை மடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

உருளைக்கு எங்கே போறது என்று யோசிக்காதீங்க. பழைய உள்பாவாடை ஒன்று எடுங்கள். கீழ்ப் பக்கத்தைத் தையல் போட்டு மூடுங்கள். உள்ளே ரெண்டு பழைய சேலையை இறுக்கமாகச் சுருட்டித் திணித்து, மேலே நாடாவை இழுத்துக் கட்டுங்கள். துவைக்கணும் என்றால் நாடாவை அவிழ்த்தால் போதும். பத்துப் பைசா செலவில்லை. தலைக்கு வைக்கிற தலையணை, ஒருக்களித்துப் படுக்கும்போது காதுக்கும் தோளுக்கும் நடுவில் இருக்கிற இடத்தை நிரப்புகிற உயரத்தில் இருந்தால் சரி.

ஒரு விஷயம். எல்லாருக்கும் ஒரே படுக்கை பொருந்தாது. வயசானவங்களில் சிலருக்கு நின்றால், நடந்தால் கால் மரத்து வலிக்கும், குனிந்து உட்கார்ந்தால் சுகமாக இருக்கும். அவங்களுக்குச் சுருண்டு படுப்பதே இதம். டிஸ்க் விலகினவங்களில் சிலருக்குச் சுருண்டு படுத்தால் வலி கூடும். மூணு ராத்திரி ஒரு விதம், மூணு ராத்திரி இன்னொரு விதம் என்று படுத்துப் பாருங்கள். எதில் வலி குறையுதோ அதுதான் உங்களுக்குச் சரி. பக்கத்து வீட்டு அக்காவுக்குச் சரியானது உங்களுக்குச் சரியாகணும் என்று கட்டாயமில்லை.

அடுத்து, கீழே என்ன விரிப்பது. "வெறும் தரையில் படு, பலகையில் படு, இடுப்பு நேராகும்" என்று அந்தக் காலத்து ஆளுங்க சொல்வாங்க. டாக்டர்களும் சொல்லியிருக்காங்க. இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். ஸ்பெயின் நாட்டில், ரொம்ப நாளாக இடுப்பு வலி உள்ள 313 பேரை எடுத்து, பாதிப்பேருக்குக் கெட்டியான மெத்தை, பாதிப்பேருக்கு நடுத்தரமான மெத்தை கொடுத்து 90 நாள் கழித்துக் கேட்டார்கள். 2003ல் லான்செட் என்கிற மருத்துவப் பத்திரிகையில் வந்தது. கெட்டி மெத்தையில் படுத்தவங்களை விட நடுத்தர மெத்தையில் படுத்தவங்களுக்குத்தான் படுக்கையில் வலியும், எழும்போது வலியும் குறைந்திருந்தது. அதனால் வெறும் தரையும் வேண்டாம், புதைகிற பஞ்சு மெத்தையும் வேண்டாம். கோரைப்பாய் மேலே ஜமக்காளம் ஒன்றை நாலாக மடித்துப் போட்டு, அதுமேல் ஒரு கெட்டிப் போர்வை. இடுப்பும் தோளும் லேசாகப் பதியணும், புதையக் கூடாது. கயித்துக் கட்டில் தொட்டில் மாதிரித் தொங்கினால் கயிற்றை இழுத்துக் கட்டுங்கள்.

இதை ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்றேன் என்றால், ஊருக்கு ஊர் வேனில் வந்து "மருத்துவ மெத்தை, இடுப்பு வலி போயிடும்" என்று தவணைக்கு விற்கிறார்கள். ஆயிரக்கணக்கில் விலை. அதுக்குக் குழுவில் கடன் கேட்டு மனு வந்தால், ஊக்குநர் அம்மா, இந்த உரையை அவங்களுக்குப் படித்துக் காட்டிட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க. நல்ல மெத்தை வாங்க வசதி இருந்தால் தாராளமாக வாங்கட்டும். வலி போகும் என்று நம்பிக் கடன்பட வேண்டாம்.

இப்போ புரளுவதும் எழுவதும். வலி உள்ளவங்க தூக்கத்தில் பாதி முழிப்பது புரளும்போதுதான். முழங்காலை முதலில் திருப்பி, அப்புறம் தோளைத் திருப்பினால் நடுவில் இடுப்பு முறுக்கும். ரெண்டு முழங்காலையும் மடக்கி, தோளும் இடுப்பும் முழங்காலும் ஒரே நேரத்தில், மரக்கட்டை உருள்கிற மாதிரி உருளணும். எழும்போது மல்லாந்தபடியே வயிற்றை எக்கி எழவே கூடாது. பக்கவாட்டில் உருளுங்கள். கட்டில் என்றால் காலைக் கீழே விட்டு, கையை ஊன்றி உட்காருங்கள். தரை என்றால் ஒருக்களித்து, கையை ஊன்றி, குழந்தை தவழ்கிற மாதிரி நாலு காலில் வாங்க. அப்புறம் ஒரு பாதத்தை முன்னால் ஊன்றி, சுவரையோ நாற்காலியையோ பிடித்து எழுங்கள். கதவோரம் படுத்தால் பிடிக்க ஒண்ணும் இருக்காது. சுவரோரம் இடம் பிடிங்க.

இதுவரை சொன்னது உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கலாம். இனிமேல் சொல்வதை நம்ம பெண்களிடம் யாரும் சொல்வதில்லை. அதனால் கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

முதுகெலும்புக் கட்டைகளுக்கு நடுவில் ஜவ்வு மாதிரி டிஸ்க் இருக்கிறது. பகலில் பாரம் அழுத்தி அழுத்தி அதில் இருக்கிற நீர் கொஞ்சம் வெளியே போகும். ராத்திரி படுத்திருக்கும்போது மறுபடி நீரை உறிஞ்சி உப்பும். அதனால்தான் ராத்திரியை விடக் காலையில் நாம எல்லாரும் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் உயரமாக இருப்போம். வீட்டில் சுவரில் கோடு போட்டுப் பாருங்கள். இப்படி உப்பியிருக்கிற நேரத்தில் குனிந்தால் டிஸ்க்குக்கு இழுப்பு அதிகம். 1998ல் அமெரிக்காவில் ஒரு ஆராய்ச்சி செய்தார்கள். நாள்பட்ட இடுப்பு வலிக்காரர்களைக் காலை எழுந்த உடனே குனியாமல் இருக்கச் சொன்னார்கள். அப்படி இருந்தவங்களுக்கு வலி வருகிற நாட்கள் குறைந்தன.

நாம என்ன செய்கிறோம்? அஞ்சு மணிக்கு எழுந்த உடனே முதல் வேலை என்ன? குனிந்து வாசல் பெருக்குகிறோம். குனிந்து சாணி கரைத்துத் தெளிக்கிறோம். குனிந்து கோலம் போடுகிறோம். அப்படியே போய்க் குழாயடியில் குனிந்து குடத்தைத் தூக்குகிறோம். டிஸ்க் ரொம்ப உப்பியிருக்கிற அந்த அரை மணி ஒரு மணி நேரத்தில், நாள் முழுக்கக் குனிய வேண்டியதை எல்லாம் குனிந்து முடித்துவிடுகிறோம்! ராத்திரி எவ்வளவு நல்லா படுத்தாலும் இதில் கெட்டுப்போகும்.

கோலம் போட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அரை மணி நேரம் வாசல் காத்திருக்கட்டும். எழுந்ததும் நின்று செய்கிற வேலையை முதலில் செய்யுங்கள். பல் விளக்குங்கள், அடுப்புப் பற்றவையுங்கள், டீ போடுங்கள், கொஞ்சம் நடங்கள். வாசல் பெருக்குகிற சீமாரை ஒரு நீளக் கம்பில் கட்டிவிடுங்கள், நிமிர்ந்தே பெருக்கலாம். தண்ணிக் குடத்தை, தோளுக்கு மேல் வளர்ந்த பையன் வீட்டில் இருந்தால் அவன் தூக்கட்டும். ஆம்பிளைப் பிள்ளை குடம் தூக்கினால் என்ன, குடமா கோபித்துக்கொள்ளும்?

பாயில் இருந்து எழுவதற்கு முன்னால் ரெண்டு நிமிஷம் ஒரு பயிற்சி. மல்லாந்து முழங்காலை மடக்கி, ரெண்டையும் சேர்த்து இடமும் வலமும் மெதுவாகப் பத்துத் தடவை ஆட்டுங்கள். பிறகு ஒவ்வொரு முழங்காலாக நெஞ்சை நோக்கி இழுத்துப் பிடித்து விடுங்கள். வலி கூடினால் விட்டுவிடுங்கள். ராத்திரி படுப்பதற்கு முன்னால் தவாவில் கல் உப்பை வறுத்துத் துணியில் முடிந்து பதினைஞ்சு இருபது நிமிஷம் ஒத்தடம் கொடுக்கலாம். சர்க்கரை நோய் உள்ளவங்களுக்குச் சூடு சரியாகத் தெரியாது, வேறு ஒருத்தர் புறங்கையில் வைத்துச் சூடு பார்த்துவிட்டுத்தான் கொடுக்கணும். ஒத்தடம் வைத்தபடியே தூங்கிவிடக் கூடாது.

வலி வந்தால் ஒரு வாரம் படுக்கையிலேயே கிடக்கணுமா? நமக்கு யாரும் ஒரு வாரம் லீவு தரப் போவதில்லை, அது வேறு விஷயம். 1986ல் வந்த அமெரிக்க ஆராய்ச்சியில், ஏழு நாள் படுத்துக் கிடந்தவங்களும் ரெண்டு நாள் படுத்தவங்களும் ஒரே மாதிரிதான் குணமானார்கள். 1995ல் ஃபின்லாந்து நாட்டு ஹெல்சிங்கியில், படுக்கையில் கிடந்தவங்களை விட, முடிந்த வேலையைச் செய்துகொண்டு நடமாடினவங்களுக்குத்தான் சீக்கிரம் குணமானது. அதனால் கடும் வலியில் ஒரு நாள் ரெண்டு நாள் ஓய்வு. பிறகு நடமாட்டம். பாரம் மட்டும் தூக்க வேண்டாம்.

மாத்திரைக்கு வருவோம். கடையில் போய் "இடுப்பு வலிக்குது" என்றால், கலர் கலராக நாலு மாத்திரையைப் பொட்டலம் கட்டிக் கொடுக்கிறார்கள். ஒரு பொட்டலத்தில் வலி போய்விடுகிறது, நிம்மதியாகத் தூக்கம் வருகிறது, மறுநாளும் வாங்குகிறோம். வலி மாத்திரையை மாசக்கணக்கில் தின்றால் வயிற்றில் புண் வரும், கிட்னி கெடும். பி.பி., சர்க்கரை உள்ளவங்களுக்கு இன்னும் ஆபத்து. அந்தப் பொட்டலத்தில் ஸ்டீராய்டு மாத்திரை இருந்தால் முகம் உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பே பலவீனமாகும். இடுப்பு வலிக்குத் தின்ற மாத்திரையே எலும்பைத் தின்றுவிடும். பேர் தெரியாத மாத்திரை வேண்டாம். டாக்டர் எழுதிக் கொடுத்ததை, எழுதிக் கொடுத்த நாளுக்கு மட்டும் சாப்பிடுங்கள். இடுப்பு பெல்ட் வாங்கலாமா என்று கேட்பீங்க. உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாள்பட்ட இடுப்பு வலிக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. அதில் பெல்ட்டையும், எடை கட்டி இழுக்கிற வைத்தியத்தையும் வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்றே சொல்லியிருக்கிறது. உடற்பயிற்சியைச் செய்யச் சொல்லியிருக்கிறது.

இன்னொன்று, பிரசவ வார்டில் வேலை செய்த காலத்தில் இருந்து கேட்கிற பேச்சு. "ஆபரேஷனுக்கு முதுகுல ஊசி போட்டாங்க, அன்னைக்குப் பிடிச்ச வலி." முதுகில் ஊசி போட்ட இடத்தில் சில நாள் வலி இருக்கும், அது உண்மை. வருஷக்கணக்கில் இருக்கிற வலிக்கு அந்த ஊசி காரணமில்லை. ஊசி போட்டவங்களையும் போடாதவங்களையும் பிறகு ஒப்பிட்டுப் பார்த்ததில் நாள்பட்ட இடுப்பு வலியில் வித்தியாசம் தெரியவில்லை. பிள்ளை பெற்ற வயிற்றுத் தசை தளர்ந்திருக்கும், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு குனிந்து நிமிர்வோம், சாப்பாடும் சரியாக இருக்காது. காரணம் அதில் இருக்கிறது. இதை ஏன் சொல்றேன் என்றால், ஊசிதான் காரணம் என்று முடிவு கட்டிவிட்டால், இனிமேல் ஒண்ணும் செய்ய முடியாது என்று விட்டுவிடுகிறோம். தசையைப் பலப்படுத்த எந்த வயசிலும் முடியும்.

படுக்கையை மாற்றியாச்சு, காலையில் குனிவதையும் குறைச்சாச்சு. அப்படியும் இடுப்பு பலகை மாதிரி விறைத்துக்கொண்டு, குனியவும் முடியாமல், மல்லாந்து படுக்கவும் முடியாமல் சிலர் இருக்கீங்க. கழுத்தும் திரும்பாது. அவங்க தண்ணியையும் ஒரு தடவை பார்க்கணும். நம்ம மாவட்டத்துக்காரங்க இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

நம்ம பூமி பாறைப் பூமி. ஆழத்தில் இருந்து வருகிற போர் தண்ணியில் பல ஊர்களில் ஃப்ளோரைடு அதிகம். லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை நல்லது, வேறு தண்ணியே இல்லை என்றால் 1.5 வரை போகலாம் என்பது நம்ம நாட்டுக் குடிநீர்த் தரம். அதுக்கு மேல் உள்ள தண்ணியை வருஷக்கணக்கில் குடித்தால், பிள்ளைகளுக்குப் பல்லில் காவிக் கறை வரும். பெரியவங்களுக்கு எலும்பிலும், எலும்பைக் கட்டியிருக்கிற நாரிலும் படிந்து முதுகெலும்பு இறுகும். இந்தியாவில் இந்த நோயை டாக்டர்கள் முதன்முதலாக எழுதி வைத்தது 1937ல், அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர்ப் பக்கத்தில். மத்திய அரசு 2008-09ல் தொடங்கிய ஃப்ளோரோசிஸ் தடுப்புத் திட்டத்தில் தருமபுரியும் சேர்க்கப்பட்டது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே இதுக்காகத்தான். திட்டத்தின் பேரிலேயே ஃப்ளோரோசிஸ் தணிப்பு என்று இருக்கிறது. ஜப்பான் நாட்டுக் கடனுதவியோடு சுமார் 1,928 கோடி ரூபாயில், 2008ல் அடிக்கல் நாட்டி, 2013ல் தண்ணி வந்தது.

வீட்டிலேயே மூணு விஷயம் செய்து பாருங்கள். முழங்காலை மடக்காமல் குனிந்து கால் விரலைத் தொட முடியுதா? தாடையை நெஞ்சில் தொட முடியுதா? ரெண்டு கையையும் தூக்கிப் பின்னந்தலையில் வைக்க முடியுதா? முடியவில்லை என்றால் உடனே ஃப்ளோரைடு என்று பயந்துவிட வேண்டாம். மூட்டு வலிக்காரங்களுக்கும் முடியாது. டாக்டரிடம் சொல்லுங்கள், சிறுநீரும் முன்கை எக்ஸ்ரேயும் பார்த்துச் சொல்வார்.

எலும்பில் படிந்தது திரும்பக் கரைந்து போவது கஷ்டம். தண்ணியை மாற்றினால் மேலே மேலே கூடாமல் நிற்கும், வலியும் குறையும். ஒகேனக்கல் தண்ணியைக் குடிக்கவும் சமைக்கவும் வைத்துக்கொள்ளுங்கள். துணி துவைக்க, மாட்டுக் கொட்டகை கழுவ போர் தண்ணி போதும். "காய்ச்சிக் குடிக்கிறோமே" என்பீங்க. காய்ச்சினால் கிருமி சாகும், ஃப்ளோரைடு போகாது. தண்ணி வற்ற வற்ற இன்னும் கெட்டியாகும். பால் ஊற்றாத டீயைக் குறையுங்கள், தேயிலையிலேயே ஃப்ளோரைடு இருக்கிறது. ராகிக் களியை விடாதீங்க. 100 கிராம் ராகியில் 340 மில்லிகிராம் அளவுக்குச் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது, சாப்பாட்டில் சுண்ணாம்புச் சத்து இருந்தால் ஃப்ளோரைடு உடம்பில் சேர்வது குறையும். கூடவே நெல்லிக்காய், எலுமிச்சை.

இந்த நோயில் முதுகு வளைந்து இறுகினவங்களை நேராகப் படுக்க வைக்காதீங்க. தலையும் தோளும் உயரமாக, முழங்காலுக்கு அடியில் உருளை வைத்து, சாய்ந்த மாதிரிப் படுக்க வையுங்கள்.

உங்க ஊர் மேல்நிலைத் தொட்டியில் ஒகேனக்கல் தண்ணியோடு போர் தண்ணியைக் கலக்குறாங்களா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு அஞ்சு பெண்களுக்குத் தண்ணி சோதிக்கப் பயிற்சி கொடுப்பது என்று வைத்தார்கள். உங்க ஊரில் அந்த அஞ்சு பேர் யார், சோதனைப் பெட்டி யாரிடம் இருக்கிறது? பெட்டி பூட்டிக் கிடந்தால் எடுக்கச் சொல்லுங்கள். குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்திலும் சோதிக்கலாம். அந்த அளவைத் தாளில் எழுதி வாங்கிக்கொண்டு கிராம சபைக்குப் போனால் பதில் சொல்லியே ஆகணும். வெறும் வாயால் "தண்ணி சரியில்லை" என்றால் "பார்க்கிறோம்மா" என்பதோடு முடியும்.

கடைசியாக, எந்த இடுப்பு வலிக்கு உடனே ஓடணும்? சிறுநீர் கழிக்க முடியாமல் போனால், உட்காருகிற இடம் மரத்துப் போனால், கால் இழுத்துக்கொண்டு பலம் குறைந்தால், அன்னைக்கே பெரியாஸ்பத்திரி. 108ஐக் கூப்பிடுங்கள். மாலையில் காய்ச்சல், எடை குறைவது, எப்படிப் படுத்தாலும் விடாத ராத்திரி வலி, இவை இருந்தால் முதுகெலும்பு டி.பி.யாக இருக்கலாம், அரசு ஆஸ்பத்திரியில் மருந்து இலவசம். ஏற்கெனவே கட்டி, புற்றுநோய் என்று வைத்தியம் பார்த்தவங்களும் தாமதிக்கக் கூடாது. மாதவிடாய் நின்றவங்க சும்மா வழுக்கி உட்கார்ந்தாலும் எலும்பு நொறுங்கியிருக்கலாம், எக்ஸ்ரே எடுக்கணும். நாற்பதுக்குள்ள இருக்கிற பிள்ளைங்க விடியற்காலை மூணு மணிக்கு வலியில் எழுந்து, நடந்தால் சரியாகுது என்றால் அது வேற வாதம், அதுக்குத் தனி மருந்து இருக்கிறது. வெள்ளைப்படுதல், அடிவயிற்று வலி, அடி இறங்கின மாதிரி இருப்பது, இதோடு வருகிற இடுப்பு வலியைக் கூச்சப்படாமல் செவிலியரிடம் சொல்லுங்கள்.

2004 வரைக்கும் நம்ம மாவட்டமாகவே இருந்த கிருஷ்ணகிரியில், சாமனப்பள்ளி கிராமத்தில்தான் 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தைத் தொடங்கினார்கள். வீடு தேடி வந்து பி.பி., சர்க்கரை பார்த்ததோடு, படுக்கையில் கிடக்கிறவங்களுக்கு இயன்முறை சிகிச்சையும் கொடுத்தார்கள். அந்தப் பெண் தன்னார்வலர்களை எடுத்தது நம்ம குழுக்களில் இருந்துதான். இந்தக் கூட்டத்திலேயே அப்படிப் போனவங்க இருந்தால் கையைத் தூக்குங்கள், மற்றவங்க முகம் பார்த்து வைத்துக்கொள்ளட்டும்.

ரொம்ப நேரம் உட்கார வைத்துவிட்டேன், எல்லாரும் ஒரு தடவை எழுந்து நின்று கையைத் தூக்கிச் சோம்பல் முறியுங்கள். அப்புறம் அந்த ஓரத்தில் இருக்கிற பாயையும் ஜமக்காளத்தையும் விரிங்க. பொருளாளர் அக்கா, நீங்க வாங்க, உங்களுக்கு இடது கால்தானே இழுக்குது? அப்போ வலது பக்கமாப் படுங்க. உள்பாவாடை உருளை நான் ஒன்று கொண்டு வந்திருக்கேன். மற்றவங்க சுற்றி நின்று பாருங்க, அடுத்து ஒவ்வொருத்தராப் படுத்து எழுந்து காட்டணும்.